திறக்காத கடிகாரம்

"கயித்த நான்தான் புடிப்பேன். இல்லன்னா மாப்ள தண்ணியில எறங்க மாட்டாரு" என்று லூர்து சொன்னதும், சென்னையிலிருந்து வந்திருந்த சுதர்சனம் சிரித்துவிட்டார். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கடலில் முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். பங்காளியை நம்ப முடியாது, சிநேகிதன் கண் அசந்துவிடுவான். மச்சான் மட்டும் விடமாட்டான். விட்டால் தாலி அறுப்பது அவன் தங்கச்சி அல்லவா!

அந்தத் தங்கச்சி ஜெனோவா, நிறைமாத வயிற்றோடு கரை வரைக்கும் வந்திருந்தாள். கயிற்றுச் சுருளை அண்ணன் கையில் வைத்து, "பாத்துக்கண்ணே" என்றாள்.  அவள் புருஷன் கஸ்மீர் அதற்குள் வள்ளத்தில் ஏறி, சங்கு எடுக்கிற வலைப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை பிறக்குமுன் சொந்தமாக ஒரு வள்ளம் வேண்டும் என்பது அவன் ஆசை. கடலடியில் கிடக்கும் ஒரு பெட்டியை எடுத்துத் தந்தால் வள்ளம் என் பொறுப்பு என்று சுதர்சனம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பெட்டியில் இருந்தவை பொன்னும் மணியும் அல்ல. கடிகாரங்கள்!

"யுத்த காலத்துல கடற்படையில முங்கறவங்களுக்குன்னே செஞ்சது. ஒவ்வொண்ணுக்கும் பின்மூடியில ஒரு எண் வெட்டியிருக்கும். இருட்டுல முள் தெரியணும்னு ரேடியம் பூசினாங்க. அப்புறம் அந்த ரேடியமே ஆபத்துன்னு தெரிஞ்சதும் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டாங்க. அழிக்கறதுக்காக ஒரு பெட்டியை ஏத்திட்டுப் போன படகு இங்கதான் மூழ்கிச்சு" என்றார் சுதர்சனம்.  மனிதருக்குக் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. கடிகாரம்தான் பெண்டாட்டி, கடிகாரம்தான் பிள்ளை.

வலை சிக்கிக் கிழிகிறது என்று மீன்பிடிக்கிறவர்கள் ஒதுக்கி வைத்த ஒரு பாறைத்திட்டின் மேல் வள்ளம் நின்றது. கஸ்மீர் முதல் தடவை இறங்கி ஏறி வந்தான்.

"இரும்புப் படகு கெடக்கு மச்சான். அறைக்குள்ள பெட்டி மாதிரி ஒண்ணு தெரியுது. ஆனா கயித்தோட உள்ள போக முடியாது. தகரம் கிழிஞ்சு பல்லு பல்லா நிக்குது, சுத்திக்கிடும்."

"அப்ப வேண்டாம் மாப்ள. திரும்பிருவோம்."

"வாசல் வரைக்கும் கயித்தோட போறேன். அங்க அவுத்துக் கம்பியில கட்டிட்டு, உள்ள போய்ட்டு வாரேன்."

"காத்து தீருறது எப்படித் தெரியும்? ஒங்க சிலிண்டர்ல காத்தளவு காட்டுற முள்ளு செத்துக் கெடக்கு. நான் இழுத்துச் சொல்ல, கயிறும் ஒங்க இடுப்புல இருக்காது."

அப்போதுதான் சுதர்சனம் தன் மணிக்கட்டிலிருந்ததைக் கழற்றினார். அவரிடம் இருந்தவற்றிலேயே அதுதான் உசத்தி. விளிம்பில் திருகுகிற வளையம். அதில் ஓர் அம்புக்குறி. காற்று தீரும் நேரத்துக்கு வளையத்தைத் திருகி வைத்து, "பெரிய முள் இந்தக் குறியைத் தொட்டதும் வெளிய வந்துடுங்க" என்றார்.

"இது தண்ணிக்குள்ள போயிருக்கா சார்?" என்று கேட்டான் லூர்து.

"இதுக்காகவே செஞ்சதுங்க. கடற்படையை விட்டு வந்ததுலேருந்து பின்மூடியைக்கூட யாரும் திறந்ததில்ல. திறந்தா மதிப்புப் போயிடும்."

உள்ளே நீர் புகாமல் அடைக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, ரப்பர் என்றால் காலத்தில் உளுத்துப்போகும் என்பது சுதர்சனத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! ஆனால் அதை மாற்ற மூடியைத் திறக்க வேண்டுமே. சேகரிப்பவர்களுக்கு அது கன்னி கழிந்த மாதிரி. கஸ்மீர் லூர்துவின் முகத்தைப் பார்த்தான். லூர்து ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

கஸ்மீர் இறங்கினான். கயிறு கையில் சிணுங்கிக்கொண்டே போய் நின்றது. குமிழிகள் கொப்பளித்தன, பிறகு மெலிந்தன, பிறகு ஒன்றுமே இல்லை. லூர்து கயிற்றைச் சுண்டினான். மறு முனையில் ஆள் இருந்தால் கயிற்றுக்கு ஒரு நெகிழ்வு இருக்கும். இது விறைப்பாக நின்றது. கம்பியில் கட்டிய கயிற்றை எவ்வளவு சுண்டினால்தான் என்ன!

"நேரமாச்சு சார்."

"முள் குறிக்கு வந்ததும் வந்துடுவார்" என்றார் சுதர்சனம். உதடு வெளிறிப்போயிருந்தது.

லூர்துவுக்கு எப்போதோ செவிப்பறை கிழிந்து, இனி முங்கினால் காது போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். போனால் போகட்டும்! நங்கூரக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "கயிறு உதறினா இழுங்க. கை அறுந்தாலும் நிறுத்தாதீங்க" என்று சொல்லி, மூச்சை நிரப்பிக் குதித்தான்.

கல் அவனைக் கீழே இழுத்தது. காதுக்குள் ஆணி இறங்கிற்று. கயிற்றைத் தடவிக்கொண்டே போய்க் கம்பியைப் பிடித்தான். வாசலுக்குள் ஒரே சேறு. அந்தக் கலங்கலுக்குள் கஸ்மீரின் டார்ச் மங்கலாக எரிந்தது. அவன் விட்ட மூச்சே கூரை மூலையில் ஒரு சட்டியளவு காற்றாகத் தங்கியிருக்க, அதில் மூக்கை வைத்துக்கொண்டு அவன் தொங்கிக்கிடந்தான். லூர்து காலைப் பற்றி இழுத்தான். தகரம் இருவர் தோலையும் கிழித்தது. கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்து மாப்பிள்ளையின் இடுப்பில் முடிச்சுப் போட்டு, தானும் அதைப் பற்றிக்கொண்டு உதறினான்.

மேலே சுதர்சனம் இழுத்தார். வாழ்நாளில் கடிகாரச் சாவியைவிடக் கனமான எதையும் திருகாத கை, தோல் உரிய உரிய இழுத்தது.

கஸ்மீர் வள்ளத்தில் கிடந்தான். மூச்சு இருந்தது. கண்ணும் திறந்தது.

"முள்ளு குறிக்கு வரவே இல்ல மச்சான்" என்றான் மெல்ல. கொஞ்ச நேரம் கழித்து, "கால் எங்க கெடக்கு? எனக்குத் தெரியல" என்றான்.

ஆழத்திலிருந்து ஒரேயடியாக ஏறியவர்களுக்கு இப்படி ஆவதை லூர்து பார்த்திருக்கிறான். அவர்களில் எழுந்து நடந்தவர்கள் குறைவு. 

கஸ்மீரின் வலைப்பையில் பெட்டி இருந்தது! தொட்டதும் மூடி உதிர்ந்தது. உள்ளே முள்ளும் இல்லை, முகமும் இல்லை. அடையாகத் திரண்ட புளி போலத் துருக்கட்டி ஒன்று. இதற்காகவா!

லூர்து மாப்பிள்ளையின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பியது. இறங்கின கொஞ்ச நேரத்திலேயே முள் நின்றிருந்தது. கடிகாரத்தைக் கழற்றி, எஞ்சின் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்துப் பின்மூடியில் வைத்தான்.

"இடுக்கி வைக்காதீங்க, கோடு விழுந்துடும்" என்றார் சுதர்சனம்.

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. தோல் உரிந்த கைகளால் வாயைப் பொத்திக்கொண்டு, கஸ்மீரின் அசையாத கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மூடி கிறீச்சிட்டுத் திறந்தது. கடல்தண்ணீரும், மிளகுத்தூள் மாதிரிக் கொஞ்சம் கறுப்பு ரப்பரும் கொட்டின.

வள்ளம் கரை சேர்ந்தபோது ஜெனோவா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அண்ணனின் காதிலிருந்து வடிந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"கயிறு இருந்தா நீ ஏன் முங்கணும்? எப்படி அவுந்துச்சு?"

சுதர்சனம் வாயெடுத்தார். லூர்து அவரைப் பேச விடவில்லை. பழியைத் தூக்கிப்போட ஆள் பக்கத்திலேயே இருந்தும் போடவில்லை.

"அவரு அவுக்கட்டுமான்னு பாத்தாரு. நான் தலையாட்டுனேன்."

ஜெனோவா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, மறு கையைக் கஸ்மீரின் கழுத்துக்கு அடியில் கொடுத்தாள்.

"ஆசுபத்திரிக்குத் தூக்கணும். கால்பக்கம் நீ புடிண்ணே" என்றாள். "இனிமே எவன் சொன்னாலும் விடாத."