மாப்பிள்ளைக்கு ஒரு மணிக்கூடு

"கலியாண நாளும் அதுவுமாய்ச் செத்த மணிக்கூடு! ஆரும் கேட்டிருக்கிறியளோ இப்பிடி ஒரு அநியாயத்தை?"

விறாந்தையில் இருந்து வந்த அந்தக் குரல் கோப்பாயில் பாதிச் சனத்துக்குக் கேட்டிருக்கும். குசினியில் பத்மாசினி தேத்தண்ணிக் கேத்திலை இறக்கி வைத்தாள். மூன்று நாளாய்ப் பலகார எண்ணெய்ச் சூட்டில் நின்ற கால்கள் இரண்டும் தன்னுடையவை இல்லைப்போல இருந்தன. இன்றைக்கு ஒரு காலையாவது குணலட்சுமியின் வாய் சும்மா இருக்கும் என்று நினைத்தாளே... தன்னைத்தான் சொல்ல வேண்டும்!

குணலட்சுமி, பத்மாசினியின் புருஷன் தியாகலிங்கத்தின் தங்கச்சி. பதினெட்டு வருஷத்துக்கு முதல் தாலியை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போக, பிள்ளைகளுக்குச் சோறு தீத்தியது, தலையிழுத்தது, காய்ச்சலுக்கு முழித்திருந்தது எல்லாம் பத்மாசினி. அவளுக்கென்று வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

மூத்தவள் ஆரணிக்கு இன்று இணுவிலில் கலியாணம். மாமனும் மாமியும் தட்டம் பிடித்து மாப்பிள்ளைக்குக் கைமணிக்கூடு கொடுப்பதென்று பேச்சு. பெற்றவள் இல்லை, ஆனாலும் வளர்த்தவள் என்று சபையில் ஒரு தரம் தெரியட்டுமே... பத்மாசினிக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

அவள் விறாந்தைக்கு வந்தபோது மணிக்கூட்டுப் பெட்டி திறந்து கிடந்தது. முட்கள் இரண்டு மணி இருபது நிமிஷத்தில் நின்றன.

"சாவி குடுத்துப் பாத்தன் பிள்ளை," என்றார் பக்கத்து வளவுக் கந்தப்பு. "முறுக்க முறுக்கச் சும்மா சுத்துதே தவிர இறுகுதில்லை. உள்ளுக்கை வில்லு அறுந்துபோச்சு."

முப்பது வருஷம் சாவி மணிக்கூடு கட்டியவர் சொன்னால் மறுபேச்சு ஏது?

"குணம், அது சாவி குடுக்கிறதில்லை. அது வந்து..." என்று தொடங்கினாள் பத்மாசினி.

"நீங்கள் கதையாதேங்கோ மச்சாள்!"

'மாமன் ரோலெக்ஸ் போடுவார்' என்று மாப்பிள்ளை வீட்டில் வாயை விட்டவளே குணலட்சுமிதான். அந்த விலைக்கு இந்த வளவையே எழுதிக் கொடுத்தாலும் காணாது. அப்போது ஆரணியின் தம்பி கஜீபன், "ரோலெக்ஸ் மாதிரியே கொப்பி ஒண்டு எடுப்பம் மாமி, ஒரு குருவிக்கும் தெரியாது," என்றான்.

"மற்றவைக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரியுமடா. முதல் நாளே அந்தப் பொடியன்ரை கையிலை பொய்யைக் கட்டிவிடுறதோ?"

பத்மாசினி யாழ்ப்பாணம் ரவுணுக்கு மூன்று தரம் பஸ் ஏறினாள். கடைக்காரர் பொன்முலாம் பூசின பற்றறி மணிக்கூடுகளை வரிசையாய் அடுக்கினார். அந்தப் பளபளப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு மழைக்கு வெளுத்துவிடும். கடைசியாய்த்தான் இந்த ஜப்பான் மணிக்கூடு கண்ணில் பட்டது. கறுப்பு முகம், உருக்குச் சங்கிலி. தூரத்தில் அந்த ரோலெக்ஸின் சாடை. கிட்டப் போனால் தன்னுடைய சொந்தப் பெயரையே நெற்றியில் போட்டுக்கொண்டு நிற்கும். வினாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"இதுக்குப் பற்றறியும் இல்லை, சாவியும் இல்லையக்கா," என்றார் கடைக்காரர். "கட்டுறவரின்ரை கை ஆட்டத்திலைதான் ஓடும். சும்மா வைச்சா நிண்டிடும். இடைக்கிடை கட்டிக் கழட்டுங்கோ."

மாப்பிள்ளைக்கு எடுத்த பொருளை முதலில் தன் கையில் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை பெறாத கை... நாளைக்கு ஒரு சொல் வந்தால்? ஆறு கிழமையாய் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இப்போது குணலட்சுமி அதைப் பெட்டியிலிருந்து பிடுங்கி எடுத்தாள். பேசும்போது அவளுக்குக் கை சும்மா இராது. வகுப்பில் பிரம்பு பிடித்த கை! மணிக்கூடு மேலே போனது, கீழே வந்தது, கந்தப்புவின் மூக்குக்குக் கிட்டப் போய்த் திரும்பியது.

"ரோலெக்ஸ்தான் ஏலாது, சரி. ஓடுற மணிக்கூடு ஒண்டுகூடவோ ஏலாது? தகப்பனில்லாப் பிள்ளைக்கு இது போதுமெண்டு நினைச்சவா! நல்ல காரியத்திலை நிண்டுபோன மணிக்கூடு என்ன சகுனம் மச்சாள்? ஒரு பிள்ளையைப் பெத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!"

பத்மாசினி தூணைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷமாய் அந்தச் சொல் அந்த வாயின் ஓரத்தில் நின்றது அவளுக்குத் தெரியும். இன்றைக்கு விழுந்துவிட்டது.

"தட்டம் பிடிக்க நீங்கள் வரவேண்டாம். நான் வேறை ஆளைப் பாக்கிறன். பாருங்கோ, கலியாணத்துக்கும் கண்ணாடிக் காப்போடை நிக்கிறா! தங்கக் காப்பைப் போட்டா நாவூறு பட்டிடுமாம். பெட்டிக்கை பூட்டி வைச்சிருக்கிறா!"

சாய்மனைக் கதிரையில் இருந்த தியாகலிங்கம் ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல எழும்பினார். போன வருஷம் மோட்டார் சைக்கிளால் விழுந்தவர். சேமிப்பு முழுக்க அந்தக் காலுக்குள்தான் போனது.

"காப்பு பெட்டிக்கை இல்லைப் பிள்ளை," என்றார். "உன்ரை கையிலைதான் கிடக்கு."

"என்னண்ணை சொல்லுறியள்?"

"காப்பை வித்துத்தான் உந்த மணிக்கூட்டை வாங்கினவள். உனக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியமும் வாங்கினவள்."

குணலட்சுமி குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

வினாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது!

"ஐயோ... அம்மான், ஓடுதெல்லே!" என்று அதைக் கந்தப்புவிடம் நீட்டினாள்.

கந்தப்பு காதில் வைத்துப் பார்த்தார். "ஓம் பிள்ளை, ஓடுது. நான் சும்மா சொல்லிப்போட்டன்."

அறைக்குள் இருந்து பாதிச் சடையோடு ஆரணி ஓடிவந்து பத்மாசினியைக் கட்டிப் பிடித்தாள். "மாமி, நீங்கள் தட்டம் பிடிக்காட்டி நான் வாசலிலை நிக்கிற வானிலை ஏறமாட்டன். அம்மா, கேட்டுதோ? ஏறமாட்டன்!"

"விடடி, சீலை கசங்கப்போகுது," என்றாள் பத்மாசினி.

குணலட்சுமிக்கு வாய் கோணியது. "ஏன் மச்சாள் எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"நீ எப்ப என்னைக் கதைக்க விட்டனீ?"

"அவர் இல்லாத கலியாணம்... ஏதும் குறை சொல்லிப்போடுவினமோ எண்ட பயத்திலை என்ரை வாய் தடிச்சுப்போச்சு. அடியுங்கோ மச்சாள், என்னை!"

காலில் விழப் போனவளைப் பத்மாசினி தோளில் பிடித்து நிறுத்தினாள். அழுதது குணலட்சுமிதான்.

"எனக்கு அழவும் சீவனில்லை, குணம். நீ சொன்னது கன நாளைக்கு நோகும். நோகாதெண்டு பொய் சொல்லமாட்டன். தட்டத்தை நான்தான் பிடிப்பன். அதை ஒருத்தருக்கும் விடன்."

"ஓம் மச்சாள், நீங்கள்தான், நீங்கள்தான்!"

"அம்மான், நேரத்தைச் சரியாக்கித் தாங்கோ." கந்தப்பு திருப்பிக் கொடுத்ததும் பத்மாசினி அதைக் குணலட்சுமியின் மணிக்கட்டில் மாட்டினாள். "இணுவில் போகுமட்டும் நீ கட்டிக்கொண்டு வா. பெத்த தாய் கட்டினா ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். உன்ரை கை ஆடினால் அது ஒருக்காலும் நிக்காது."

அழுகைக்குள் குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தியாகலிங்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

வான் வெளிக்கிட்டுச் சந்தி தாண்டுமுன்பே பத்மாசினியின் தலை யன்னல் பக்கம் சரிந்தது. குணலட்சுமி அதை மெல்ல இழுத்துத் தன் தோளில் சாய்த்தாள். மிச்சமாய்க் கிடந்த கலியாண அழைப்புக் காட் ஒன்றை எடுத்து அவளுக்குக் காற்று விசுக்கத் தொடங்கினாள். உருக்குச் சங்கிலி முழங்கைக்கும் மணிக்கட்டுக்குமாய் வழுக்கி விளையாடியது.

முன் இருக்கையில் இருந்த கஜீபன் திரும்பிப் பார்த்தான். "அம்மா, ஏசி போட்டிருக்கெல்லே? என்னத்துக்கு விசுக்கிறியள்?"

"உஷ்... சத்தம் போடாதையடா," என்றாள் குணலட்சுமி, ஆருக்கும் கேளாத குரலில். "மச்சாள் நித்திரை."