புல்வெட்டி இஞ்சினைக் கொன்ற கை

“என்ட இஞ்சின் தானாச் சாகல்ல, நானா. ஆரோ கொன்னிருக்காங்க.”

பாலாவி ஊரில், அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைக்கும் பதுர்தீனின் மேசைமேல் அந்த இரும்புக் கட்டியைத் தொப்பென்று வைத்தாள் றிஷ்னா. படகு இஞ்சின்களுக்குக் காப்புறுதி மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர் பதுர்தீன். அவரை எங்கும் ஏற்றிச் செல்லும் ஓட்டோக்கார ஸப்வான், அப்போதே கள்ளனைப் பிடிக்கப் புறப்பட்டவன்போல் எழுந்து நின்றான்.

அது புல்வெட்டி மெஷினின் ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின். அதன் கிளட்சைக் கழற்றிவிட்டு, கடைசல் பட்டறையில் செய்வித்த அச்சை அங்கே பொருத்தி, ஆளுயர இறக்கை கொண்ட மாதிரி விமானத்துக்கு ஏற்றியிருந்தாள் றிஷ்னா. யுத்தகாலத்தில் இந்தக் கரையில் ரிமோட் விமானம் என்று வாயெடுத்தாலே இராணுவ ஜீப் வந்து நிற்கும். இப்போது உப்பளத்துக்கு அப்பாலுள்ள வெளியில் ஒரு கழகமே பறக்கவிடுகிறது. அன்று காலை அத்தனை பேர் முன்னிலையிலும் இஞ்சின் வெண்புகை கக்கி, கிரீச்சிட்டு இறுகிப்போனது.

“கழகத் தலைவர் சாள்ஸ் சிரிச்சார். ‘புல்லு வெட்டுறதப் புல்லுக்கே விடுங்க தங்கச்சி, காத்துப் போதாம வெந்து போச்சு’ எண்டார். பொழுது படுறதுக்குள்ள பறக்காட்டி, மாத்திக் கட்டின இஞ்சினுகளுக்கு இனி கழகத்து வெளியில இடமில்லையாம்.”

“சாள்ஸ்தான்!” என்றான் ஸப்வான். “விடிய நானும் கண்டனே, வந்து விமானத்தத் தடவிப் பார்த்தவர் அவர்தானே?”

“கொஞ்சம் பொறுடா.” பதுர்தீன் றிஷ்னாவிடம் திரும்பினார். “இராவு விமானம் எங்க நிண்டது?”

“படகுக்கார நெய்னார் மாமாட வாடியில, வலை வைக்கிற கொட்டில்ல. பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு ப்ளேன் எண்டு ஏசி ஏசித்தான் இடம் தந்தார்.”

பதுர்தீன் இஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன் எண்ணெய்ப் பசையோடு பளபளத்தது. அதற்குக் கீழே சுழலும் அடித்தண்டோ வெந்து நீலம் பாரித்திருந்தது. எண்ணெய் அறை காய்ந்து கிடந்தது. வெளியே ஒழுகிய கறையில்லை. எண்ணெய் மூடியின் திருகுப்புரியில் வலைநூல் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. எரிபொருள் தாங்கியிலிருந்த பெற்றோலை விரலில் தொட்டு முகர்ந்தார்.

“இதில எண்ணெய் கலந்தியா?”

“ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் பெற்றோலில ஆரு கலப்பா? டூ ஸ்ட்ரோக்குக்குத்தான் கலக்கிற. எண்ணெய் தனியாக் கீழ. நேத்துப் புதுசா ஊத்தின.”

“ஓட்டோவ எடு, ஸப்வான்.”

உப்பளத்துக்கு அப்பாலுள்ள வெளியில் கழகத்தார் கூடியிருந்தார்கள். களப்பின் உப்புநீருக்கு அப்பால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. நெய்னார் ஒதுங்கி நின்றார்.

“வெக்கையில செத்திருந்தாப் பிஸ்டன் கீறுப்பட்டிருக்கும்” என்று தொடங்கினார் பதுர்தீன். “பிஸ்டன் கண்ணாடி மாதிரி. கீழ எண்ணெய் இல்லாமத் தண்டுதான் வெந்திருக்கு.”

“ஊத்த மறந்திருப்பா” என்றார் சாள்ஸ்.

“இல்ல, நேத்தே ஊத்தியிருக்கா. ஆரோ அத வடிச்சுப் போட்டு, பெற்றோலில வேற எண்ணெய் கலந்திருக்கு. வெள்ளைப் புகை அதால வந்தது.”

“சாள்ஸுட இஞ்சின் டூ ஸ்ட்ரோக்!” ஸப்வான் துள்ளினான். “கலக்கிறவர் அவர்தான்!”

சாள்ஸ் வாய் திறக்குமுன் பதுர்தீன் கையமர்த்தினார்.

“கெடுக்க வாறவன் வடிச்சிட்டு ஓடுவான். வேற எண்ணெய் கலந்து மினக்கெடுவானா? ஒரு சொட்டும் ஒழுகாம மூடிக்கு வலைநூல் சுத்துவானா? இது நல்லது செய்ய வந்த கை. காலமெல்லாம் படகு இஞ்சின் பார்த்த கை.”

எல்லாக் கண்களும் நெய்னாரிடம் திரும்பின.

“ஓம், நான்தான்” என்றார் அவர். “மூடியத் திறந்தன், அடியில எண்ணெய் தேங்கி நிண்டது. நம்மட படகு இஞ்சின் டூ ஸ்ட்ரோக், அதில அப்பிடி நிண்டாப் பழுது. பெற்றோல மணந்தா, எண்ணெய் வாசமே இல்ல. புள்ள கலக்க மறந்திட்டா, நாலு பேருக்கு முன்னால மானம் போகப் போகுதே எண்டு...”

“காலையில ஏன் சொல்லல்ல?” என்றாள் றிஷ்னா.

“செத்த பிறகு எந்த வாயால சொல்ற, மகள்?”

எதிரி ஒருவன் செய்திருந்தால் றிஷ்னாவுக்கு இவ்வளவு வலித்திராது.

“நீங்க ஏசினதத் தாங்கினன், மாமா. இதத் தாங்க ஏலாது. என்னட்டக் கேக்காம என்ட இஞ்சினத் தொடாதீங்க.”

“சரி, மர்மம் தீர்ந்தது” என்றார் சாள்ஸ். “இஞ்சினும் தீர்ந்தது.”

“தீரல்ல. பள்ளிவாசல்ல, மையத்து அடக்கிற மையவாடிக்குப் புல்லு வெட்டுற மெஷின் இதே சாதி. நான்தான் அதத் திருத்திக் குடுக்கிற. ஸப்வான் நானா, நான் கேட்டதாச் சொல்லி பாங்கு சொல்ற மோதினாரிட்ட வாங்கிட்டு வாங்க!”

மெஷின் வந்ததும் அந்த வெளியிலேயே குந்தியிருந்து கிளட்சைக் கழற்றினாள். செத்த இஞ்சினிலிருந்த தன் அச்சைப் பூட்டி, விமானத்தில் ஏற்றினாள். எண்ணெய் அளவைப் பார்த்தாள். உதவிக்குக் கிட்ட வந்த நெய்னாரைப் பார்வையாலேயே தள்ளி நிறுத்தினாள். சூரியன் களப்பைத் தொடப் போனது.

மூக்கிலுள்ள விசிறி சுழன்றால் விமானம் முன்னே பாயும். யாராவது பின்னால் பிடித்திருக்க வேண்டும்.

“சாள்ஸ் சேர், வாலைப் புடிங்க.”

சாள்ஸ் சுற்றிலும் பார்த்தார். கழகம் முழுவதும் அவரையே பார்த்தது. வெள்ளைக் காற்சட்டையோடு உப்புச் சேற்றில் முழங்காலிட்டார்.

றிஷ்னா விசிறியைத் தட்டினாள். இஞ்சின் புகையின்றி முழங்கியது. ரிமோட்டில் வேகத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். சாள்ஸின் தொப்பி பறந்துபோனது. தேவைக்கு அதிகமாகவே அவரை அப்படி வைத்திருந்தாள்.

“இப்ப விடுங்க!”

அவர் எழுந்து முழங்காலைத் துடைக்கும் முன்பே விமானம் நிலத்தை விட்டிருந்தது.