இரட்டை மயில் சீட்டு

தனலெட்சுமிக்குக் கால் இரண்டும் கழன்று விழாத குறைதான். காலையிலிருந்து இது ஏழாவது துணிக்கடை. அம்மா இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பொறையாற்றிலிருந்து நாகப்பட்டணம் போய்க் கப்பலேறி வந்து, கோலாலம்பூரில் மாமா வீட்டில் ஒரு மாதம் தங்கியாயிற்று. நாளைக்குக் கிள்ளான் துறைமுகத்தில் திரும்பும் கப்பல். ஊரிலிருக்கும் அப்பாவுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. அம்மாவின் முந்தானை முடிச்சில் மிச்சமிருந்தது இரண்டே வெள்ளி. அதில் ஒரு கைலி வாங்கி, காசு மீந்தால்தான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாமா வீட்டுக்கு ரிக்‌ஷா. இல்லாவிட்டால் நடைதான். அம்மாவின் குதிகாலில் வேறு கொப்புளம் உடைந்திருந்தது. அவள் நொண்டுவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஒண்ணே முக்கால் வெள்ளி. கால் முடியல, பாய்" என்றாள் அம்மா.

"உங்க கால் வலிக்குத் துணி என்னக்கா பண்ணும்? ரெண்டு வெள்ளி, ஒரே விலை" என்று கொட்டாவி விட்டார் கடைக்காரர் சலாவுதீன்.

தனலெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்கு நேரே கைலி அடுக்கு. மேல் கைலியில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டில் இரண்டு மயில்கள். இடது மயிலுக்கு ஒரு கால் அச்சில் விழவில்லை.

இந்த ஒற்றைக்கால் மயிலை அவளுக்குத் தெரியும்! எதிர்வீட்டு அய்யாவு மாமா கைலி நெய்பவர். கைலிகளில் ஒட்டி மிஞ்சிய சீட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அவள் சிலேட்டுச் சட்டத்தில்கூட ஒன்று ஒட்டியிருக்கிறது.

"பாய், இது எங்க நெய்யறது?"

"பொறையாறுன்னு ஒரு ஊரு, பாப்பா. நாகப்பட்டணம் கப்பல்ல வருது."

தனலெட்சுமி ஒற்றைக்கால் மயிலைத் தொட்டுக் காட்டினாள். அம்மா தொப்பென்று மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் தெருவில் நெய்வதெல்லாம் வண்டியேறிக் கப்பலுக்குப் போய்விடும். சீட்டு ஒட்டி மடித்த கைலியை அவள் பார்த்ததே இல்லை.

"எதிர்வீட்டுக் கைலிக்கா நான் ஏழு கடை ஏறி எறங்கினேன்!"

"அய்யாவு மாமா பாதி விலைக்குத் தருவாரும்மா. வா, ரிக்‌ஷால போவோம்."

அம்மாவின் முகம் வாடியது. "கடல் தாண்டி வந்துட்டு, அப்பா முன்னாடி வெறுங்கையோட நிக்கறதா?"

தனலெட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "பாய், இந்தச் சீட்டை மட்டும் தருவீங்களா?"

சலாவுதீன் சிரித்துவிட்டார். சீட்டைக் கிழியாமல் உரித்துக் கொடுத்தார்.

ரிக்‌ஷா தெருமுனை திரும்புவதற்குள் அம்மா தூங்கிப்போனாள்.

ஊர் வந்ததும் அய்யாவு மாமாவிடம் கைலி வாங்கி, சோற்றுப்பருக்கையால் அந்தச் சீட்டை ஒட்டினாள் தனலெட்சுமி.

அப்பா புரட்டிப் பார்த்தார். "இது நம்ம அய்யாவு கைலியாச்சே?"

"ஆமாப்பா. ஆனா மயில் ரெண்டும் மலாயா போயிட்டு வந்திருக்கு."

அன்று சாயங்காலம் அப்பா சீட்டைப் பிய்க்காமலே அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு, தெருவில் இரண்டு தடவை நடந்தார்.