திரும்பிப் பார்க்காதவன்

"திரும்பிப் பாக்கத் தெரியாதா உங்களுக்கு?"

மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது ஜாய்ஸின் குரல். விளாங்குடி காய்கறிக் கடை வாசலில் அவளுடைய ஸ்கூட்டி மல்லாந்து கிடந்தது. டிபன் பாக்ஸ் வாய் பிளந்து, தக்காளிச் சோறு மொத்தமும் தேங்கின தண்ணீரில் மிதந்தது. கறிவேப்பிலை வாங்க இறங்கினாளோ பிழைத்தாளோ! வண்டியிலேயே உட்கார்ந்திருந்தால், ரிவர்ஸில் வந்த அந்தக் குட்டியானை லோடு வண்டி அவளையும் சேர்த்துத்தான் சாய்த்திருக்கும்.

லோடு வண்டியின் கதவு திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது... ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கால். கதவைப் பிடித்துக்கொண்டு, பலகை மாதிரி விறைப்பாக இறங்கினான் அவன். முப்பது வயது இருக்கும். நல்ல உயரம். ஐப்பசி மூட்டத்தில் எதிரே வருகிற ஆளே மங்கலாகத் தெரிகிற நேரம்... துரை கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்!

"டீச்சர், அடிகிடி ஒண்ணும் படலையே?" என்று கடைக்காரர் சின்னச்சாமி ஓடி வந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. இவருக்குத்தான் என்னமோ ஆகியிருக்கு. மழையில எதுக்குங்க இந்த ஸ்டைலு? மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க!"

அவன் கழற்றினான். இடது கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. அந்த மங்கல் வெளிச்சத்துக்கே கூசி, நீர் வழிந்தது. ஆனால் வலது கண்... அம்மாடி, அந்தக் கண்ணில் எம்புட்டு வருத்தம்!

"காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான்யா" என்றார் கூட்டத்தில் யாரோ.

அவ்வளவுதான். வந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை. "குடிச்சிட்டா வண்டி ஓட்டுறீங்க?" என்று பாய்ந்தாள்.

"குடிக்கலைங்க டீச்சர். நான் குடிக்கிற ஆளு இல்ல. மெட்ராஸ் ஐ போல... மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டுட்டு இருக்கேன். வண்டியோட எடது பக்கக் கண்ணாடி ஒடஞ்சதுல பின்னாடி தெரியாமப் போச்சு. தப்பு என்மேலதான்." குரல் தணிந்தே இருந்தது. "வீடு எங்கன்னு சொல்லுங்க. ஸ்கூட்டியச் சரி பண்ணி சாயங்காலம் கொண்டாந்து விடுறேன்."

சின்னச்சாமியோடு சேர்ந்து ஸ்கூட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பரவை மார்க்கெட்டுக்கு மொச்சையும் கத்தரியும் ஏற்றி வருகிற மைக்கேல்ராஜ் என்று சின்னச்சாமி சொன்னார். நல்ல பையன் டீச்சர், கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான்.

விறைப்பா? போகும்போது ஒரு தடவை... ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன, கழுத்தா சுளுக்கிவிடும்? திமிர்! அவன் ஏன் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அப்புறம்தான் யோசித்தாள். சே, என்ன நினைப்பு இது!

அன்று முதல் பீரியடில் சாக்பீஸ் கையில் நிற்கவில்லை. அது அவளுக்குப் பழகின கதை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைத்துவிட்டு, விரல்களை முந்தானைக்குள் வைத்து மெல்ல மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறினால் விரலும் இளகும். கல்லூரி முடித்த வருஷம் வந்த முடக்குவாதம். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அம்மா ஆனிமேரியின் கட்டளை அப்படி. இந்த வருஷம் திண்டுக்கல்லில் இருந்து ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பேங்கில் வேலை. "கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத. தட்டை ரெண்டு கையாலயும் பிடி, விரலு தெரியாது" என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

விரலை நீவிக்கொண்டே இருந்தவளுக்கு, காலையில் அவன் வண்டியில் இருந்து இறங்கினது ஞாபகம் வந்தது. ஒரு கால்... அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கால். கட்டிலை விட்டு அவளும் அப்படித்தானே இறங்குகிறாள்? ஆனால் ஸ்கூட்டியைத் தூக்கி ஏற்றி, அங்கேயும் இங்கேயும் நடந்த பிறகு வண்டியில் சுளுவாக ஏறினானே! அதற்கப்புறம் அவளுக்குப் பாடமே ஓடவில்லை.

சாயங்காலம் சொன்னபடி வந்தான். ஸ்கூட்டி புதுசு போல இருந்தது. உட்காரச் சொல்லி ஆனிமேரி நாற்காலி போட்டாள்.

"வேணாம்மா. உக்காந்தாத்தான் எனக்குச் சங்கடம். நிக்கிறேன்."

நிற்கவும் இல்லை, வாசலில் மெதுவாக அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான். ஜாய்ஸ் பக்கவாட்டில் இருந்து, "இங்க பாருங்க..." என்றாள் வேண்டுமென்றே. கழுத்து திரும்பவில்லை. காலை நகர்த்தி, தோளை நகர்த்தி, உடம்பு மொத்தமும்தான் அவள் பக்கம் வந்தது.

திமிர் இல்லை... அது திமிரே இல்லை!

"இடுப்பு வலி இருக்கா உங்களுக்கு?"

"லோடு தூக்குறவனுக்கு இடுப்பு வலிக்காம வேறென்ன வலிக்கும் டீச்சர்?" என்று சிரித்தான்.

"தூக்கும்போது வலிக்குதா, தூங்கும்போது வலிக்குதா?"

சிரிப்பு நின்றது. "தூங்கும்போதுதான்... விடியிறதுக்கு முன்னாடியே முழிப்புத் தட்டிரும். எந்திரிச்சு நடந்தாத்தான் லேசாகும். ரெஸ்ட் எடுத்தா சரியாயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. ரெஸ்ட் எடுத்தா இன்னும் கூடுது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கண்ணு இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் சிவந்திருக்கா?"

"போன வருஷம் வலது கண்ணு. அதுவா சரியாப் போச்சு."

"இது மெட்ராஸ் ஐ இல்லைங்க. அது பீளை தள்ளும், வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் ஒட்டும். உங்களுக்கு ஒத்தக் கண்ணுதான், பீளையும் இல்ல, வெளிச்சம் கூசுது. முதுகெலும்புல வாரதுன்னு ஒரு வாதம் இருக்கு. அது கண்ணையும் பிடிக்கும். எனக்குச் சந்தேகமா இருக்கு. இன்னைக்கே கண் டாக்டர்ட்ட போங்க. முதுகு வலியையும் மறக்காமச் சொல்லுங்க."

அவன் முகம் இறுகிவிட்டது. "காலையில குடிகாரன்னீங்க. சாயங்காலம் சீக்காளிங்கிறீங்க. வாதமெல்லாம் வயசானவுங்களுக்கு வாரது. எங்கம்மாவுக்கு முழங்கால் தேஞ்சிருக்கு, எனக்குத் தெரியாதா? நமக்கு முடியலைன்னு மார்க்கெட்டுல தெரிஞ்சா ஒருத்தனும் லோடு குடுக்க மாட்டான். வாரேங்க."

விறுவிறுவென்று கேட்டுக்குப் போனான்.

அங்கே, குடை பிடித்துக்கொண்டு செல்லக்கிளி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. திண்டுக்கல் வரனைக் கொண்டுவந்தவளும் அவள்தான். உள் வாசலில் நின்ற அம்மாவின் கண்கள் ஜாய்ஸைக் கெஞ்சின. வேண்டாம்டீ... பேசாம இரு...

இருந்துவிடலாம். யாரோ ஒரு லோடு வண்டிக்காரன்... ஆனால் அந்தக் கண்? வருத்தம் நிறைந்த அந்த இன்னொரு கண்? உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டானே, அதற்குப் பதில் அவள் முந்தானைக்குள் அல்லவா இருக்கிறது!

"நில்லுங்க!"

மழையில் இறங்கி நடந்தாள். அவன் முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் வெளியே எடுத்து நீட்டினாள். மணிக்கட்டு இரண்டும் தடித்திருந்தன. விரல் தொடங்குகிற கணுக்கள் எல்லாம் புடைத்து, வலது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து போயிருந்தது.

"பாருங்க. நான் என்ன கெழவியா? சுளுக்குன்னாங்க. சிக்குன்குனியா வந்த மிச்சம்னாங்க. எண்ணெயத் தேச்சே நாளக் கடத்துனோம். டாக்டர்ட்ட போறதுக்குள்ள இந்த விரலு இப்பிடிச் சாஞ்சிருச்சு. இனி நேராகாது." அந்த விரலை அவன் கண்முன் தூக்கிக் காட்டினாள். "ஆஸ்பத்திரி வரிசையில உங்கள மாதிரி ஆளுகளப் பாத்திருக்கேன். கூப்பிட்டா ஒடம்போட திரும்புவாங்க. அதுல சிலருக்குக் கண்ணும் இப்பிடித்தான் சிவந்திருக்கும். உங்கம்மா மாதிரி, நடந்தா வலிச்சு உக்காந்தா சொகமாகிறவுங்களும் அங்க வருவாங்க. பெருவெரலு திடீர்னு வீங்கி, செருப்பு போட முடியாம நொண்டிக்கிட்டு வாரவுங்களும் உண்டு. எல்லாத்துக்கும் மூட்டு வலின்னு ஒரே பேருதான். ஆனா சீக்கு வேற, மருந்து வேற. நமக்கு உக்காந்தா வலி, நடந்தா சொகம். அதாங்க அடையாளம். என் விரலு போனது போகட்டும்... உங்க கண்ணு போகக் கூடாது."

செல்லக்கிளியின் குடை லேசாக ஆடியது. வாசலில் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மைக்கேல்ராஜ் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "போறேன் டீச்சர். இப்பவே போறேன்" என்றான். திரும்பிப் பார்க்காமல்தான் போனான். இந்தத் தடவை அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது.

அந்த வாரமே திண்டுக்கல்லில் இருந்து போன் வந்தது. ஜாதகம் பார்க்காத குடும்பம்தான், ஆனால் பொண்ணுக்குச் சீக்கு என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"உன் வாழ்க்கைய நீயே வாரி ரோட்டுல கொட்டிட்டியேடீ!" என்று ஆனிமேரி அழுதாள்.

"மறைச்சுக் கட்டிக் குடுத்தா விரலு நேராயிருமாம்மா? காலம்பூரா தட்டை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டே நிக்கச் சொல்றியா?"

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஜாய்ஸுக்கு வரன் போனதில் வருத்தம் இல்லை. ஒரே கேள்விதான் உறுத்தியது. அவன் போனானா? தினமும் சின்னச்சாமி கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கினாள்.

"என்ன டீச்சர், வீட்டுல கறிவேப்பிலையிலதான் சோறே வடிக்கிறீங்களா?" என்று கேலி பண்ணிவிட்டு, அவர் தானாகவே சொன்னார். "மைக்கேலு கொஞ்ச நாளா லோடு எடுக்கலை. வேற ஆளு ஓட்டுறான். என்னன்னு தெரியல."

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தாள். தூறிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் அந்தக் குட்டியானை. பக்கத்தில், ரோட்டைப் பார்த்தபடி ஒரு முதுகு... விறைப்பான, உயரமான முதுகு.

கிட்டே போனாள். செருப்புச் சத்தத்தில் அவன் கண்டுகொண்டான்.

"டீச்சர்தான? அப்பிடியே நில்லுங்க. மொகத்தப் பாத்தா எனக்குப் பேச்சு வராது. இப்பிடியே சொல்லிர்றேன்."

"சொல்லுங்க..."

"கண்ணு தப்பிச்சிருச்சு. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா பார்வை போயிருக்கும்னாங்க. அவங்களே வாத டாக்டர்ட்ட அனுப்பி, படம் எடுத்துப் பாத்தாங்க. நீங்க சொன்ன அதேதான். மருந்து குடுத்திருக்காங்க, தினமும் ஒடம்ப வளைக்கச் சொல்லியிருக்காங்க. இனிமே கூடாமப் பாத்துக்கலாமாம். ஆனா கழுத்துல போனது போனதுதான்." ஒரு பெருமூச்சு விட்டான். "வண்டிக்குப் பின்னாடி கேமரா மாட்டிட்டேன். இனி யாரு சோத்தையும் கொட்ட மாட்டேன்."

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"உங்க வரன் போச்சுன்னு சின்னச்சாமி அண்ணே சொன்னாரு. என்னாலதான..."

"உங்களால இல்ல. என் கையால."

"அன்னைக்கு ரெண்டு தடவையும் திரும்பிப் பாக்காமத்தான் போனேன்" என்றான். "பாக்கணும்னுதான் இருந்துச்சு டீச்சர். கழுத்து விடல. வண்டியவே திருப்பிக் கொண்டாந்துருவோமான்னு கூட இருந்துச்சு... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அந்தக் கையும் சேத்துத்தான். உங்கம்மாகிட்டக் கேக்கலாம்னு வந்தேன். மறைக்கிறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் பாக்கி இல்லையே."

ஜாய்ஸ் தன் விரல்களைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லுங்க. காலையில ஒரு காபி டம்ளரக் கூட என்னால ஒழுங்காப் பிடிச்சுக் குடுக்க முடியாது."

"என்னாலயும் குனிஞ்சு வாங்க முடியாது. வெயில் ஏறட்டும்... ரெண்டு பேரும் சேந்து போட்டுக் குடிப்போம்."

கோயில் படியில் ஆனிமேரி வந்து நின்றாள். மகளையும் அந்த முதுகையும் பார்த்தாள். கூப்பிட வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, குடையை விரித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

மைக்கேல்ராஜ் திரும்பத் தொடங்கினான். ஒரு காலை எடுத்து வைத்து, தோளை நகர்த்தி...

"நீங்க திரும்ப வேணாம்" என்றாள் ஜாய்ஸ். "நான் முன்னாடி வாரேன்."

சேற்றில் புடவை நனைய, அவனைச் சுற்றிக்கொண்டு நடந்து, அவன் பார்க்கிற பக்கம் வந்து நின்றாள்.