பின்பக்கமாக ஏழு சாவிகள்

தேனுஜாவின் கழுத்தில் ஓர் இளவரசி தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் இறந்து இருநூற்றைம்பது வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

“வருக, வருக! என் அரண்மனைத் தோட்டத்துக்கு வருக!” என்று ஜெர்மன் மொழியில் முழங்கினாள்.

அது கைக்கு அடக்கமான ஒரு டிஜிட்டல் வழிகாட்டி. வாசலில் நாடாவில் கோத்துக் கொடுத்திருந்தார்கள். பெரிய குளத்தைச் சுற்றி ஏழு சிலைகள். ஒவ்வொரு சிலையிடமும் போனதும் இளவரசி ஒரு கதை சொல்லி, திரையில் ஒரு தங்கச் சாவி தருவாள். நான்கு மணிக்குள் ஏழு சாவிகளும் சேர்த்த பிள்ளைகள், இரும்புச் சக்கரத்தைத் திருப்பி நீரூற்றைத் திறக்கலாம்.

அதற்காகத் தேனுஜா மூன்று வாரம் காத்திருந்தாள். பேக்கரியில் வேலை செய்யும் அம்மா குமுதினிக்கு இன்றுதான் சனிக்கிழமை லீவு கிடைத்தது. கெல்சென்கிர்ச்சன் நகரிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தார்கள்.

“அம்மா, கெதியா வாங்கோ! மூண்டு மணியாச்சு!”

“வாறன், வாறன். குளம் எங்கையும் ஓடாது.”

குளத்தைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். நடுவில் ஒரு கல் யானை. செதுக்கியவர் யானையை நேரில் பார்த்ததில்லை போலும். காது முட்டைக்கோஸ் இலை மாதிரி இருந்தது. தும்பிக்கை தோட்டக் குழாய் மாதிரி. முகத்தில் மட்டும் நல்ல சிரிப்பு.

அம்மா கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக் கும்பிட்டாள். “பிள்ளையாரப்பா!”

“அது பிள்ளையார் இல்லை அம்மா. அதாலைதான் தண்ணி வரும்.”

“வரட்டுமே. முகத்தைப் பார், ஆரெண்டு விளங்கும்.”

கோயிலில் சுற்றுவதுபோல, யானை வலக்கைப் பக்கம் இருக்க அம்மா நடக்கத் தொடங்கினாள். தேனுஜா பின்னால் ஓடினாள். முதல் சிலைக்கு முன் நின்றதும் இளவரசி உருகினாள்:

“உங்களைப் பிரிய மனமில்லை! பயணம் முடிந்தது. கருவியைத் திருப்பித் தாருங்கள்.”

சாவி கிடைக்கவில்லை.

“வந்து ரெண்டு நிமிசம் ஆகேல்லை. போகச் சொல்லுறாவோ? நல்ல உபசரிப்பு” என்றாள் அம்மா.

அடுத்த சிலையில் இளவரசி, “நீங்கள் ஏற்கெனவே பார்த்த சிங்கம் நினைவிருக்கிறதா?” என்று கேட்டாள். அவர்கள் சிங்கத்தின் வாலைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கடுத்த சிலையில் கோபித்துக்கொண்டு பேசாமலே இருந்துவிட்டாள்.

தேனுஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இளவரசியின் பாதை எதிர்ப்பக்கமாகப் போகிறது. சிங்கம்தான் ஒன்று. அங்கிருந்து வரிசையாக வந்தால்தான் சாவி.

மணி மூன்றரை.

ஓடிப்போய் ஒரே மூச்சில் சுற்றிவிடலாம். ஆனால், ‘பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிக் குளக்கரையில் நடக்கக் கூடாது’ என்று பலகை சொன்னது. தேனுஜாவுக்குப் பத்து வயது.

இருவரும் சிங்கத்தை நோக்கி விரைந்தார்கள். “சரி, வா. அந்தப் பக்கமாவே சுத்துவம். பிள்ளையாரிட்டை நான் பிறகு கதைக்கிறன்” என்றாள் அம்மா.

ஆனால் அவள் முகம் பாகற்காய்ச் சாறு குடித்ததுபோல் இருந்தது. மூன்று அடி வைத்தாள். மூன்று தடவை யானையிடம் மன்னிப்புக் கேட்டாள்.

தேனுஜாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. சக்கரமும் வேண்டும், அம்மாவின் முகமும் சரியாக வேண்டும். யானையைப் பார்த்தாள். அம்மாவின் வலக்கையைப் பார்த்தாள். துள்ளிக் குதித்தாள்.

“அம்மா! பிள்ளையார் உங்கடை வலக்கைப் பக்கம் இருந்தால் போதும்தானே?”

“ஓம்.”

“அப்ப மற்றப் பக்கம் திரும்புங்கோ. பின்னுக்கு நடவுங்கோ!”

அம்மா திரும்பினாள். யானை வலப்பக்கம் வந்துவிட்டது. பாகற்காய் மறைந்தது.

“உந்த மூளை கணக்குச் சோதினையிலை எங்கை போனது?” என்றபடி பின்பக்கமாக ஓர் அடி வைத்தாள்.

தேனுஜா அவள் முழங்கையைப் பிடித்து வழிகாட்டினாள். “கல்லு! வாத்து! அதின்ரை குஞ்சு!”

சிங்கம். டிங்! முதல் சாவி.

குதிரை. டிங்! இரண்டாவது.

சிவப்புத் தொப்பிச் சிறுவன் ஒருவன் இதைப் பார்த்தான். இது புது விளையாட்டு என்று நினைத்து, அவனும் திரும்பிப் பின்பக்கமாக நடந்தான். அவனுடைய அப்பா ஏன் என்று கேட்கவில்லை, தானும் திரும்பினார். ஐந்தாவது சாவி கிடைத்தபோது பதினொரு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தேனுஜாவைத் தவிர, வாத்துகள் மட்டுமே நேராக நடந்தன.

மூன்று ஐம்பத்தெட்டு. டிங்! ஏழு!

“உங்களைப் பிரிய மனமில்லை!” என்றாள் இளவரசி.

“இப்ப சொல்லுங்கோ, நம்புறன்” என்றாள் அம்மா.

சக்கரத்தடியில் நின்ற தோட்டக்காரர் எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்தார். “பின்பக்கமாக நடக்கச் சொன்னது யார்?”

பதினொரு பேரும் தேனுஜாவைக் காட்டினார்கள். தேனுஜா யானையைக் காட்டினாள்.

தோட்டக்காரர் யானையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார்.

சக்கரம் அசையவில்லை. தேனுஜா சிவப்புத் தொப்பிக்காரனைக் கூப்பிட்டாள். அவனிடமும் ஏழு சாவிகள் இருந்தன. இருவரும் பல்லைக் கடித்துத் திருப்பினார்கள். கிறீச்! குளத்தடியில் ஏதோ கனைத்தது. அடுத்த நொடி தும்பிக்கையிலிருந்து தண்ணீர் மரங்களுக்கு மேலே பாய்ந்தது!

எல்லாரும் கத்தினார்கள். காற்று திரும்பி அம்மாவைத் தலையோடு நனைத்தது. அவள் அழகாகச் சிரித்தாள்.

கழுத்தில் இளவரசி தொண்டையைச் செருமினாள்.

“வெளியே செல்ல, குளம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்கவும்.”

அம்மா வழிகாட்டியை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

“பாத்தியா? ஒரு சுத்திலை பழகிட்டா.”