மழைக்காட்டில் ஒரு மொட்டைத் தலை

"வீ...ல்!"

அலறியது ரஞ்சிதம்.

அடித்ததும் அவளேதான்!

ஜன்னல் வழியாக அறைக்குள் குதித்த அந்த மொட்டைத் தலையின் மேல், தண்ணீர் நிறைந்த பித்தளைக் கூஜா 'ணங்' என்று இறங்கியது. ஆள் வாயே திறக்கவில்லை. வெட்டிய வாழைமரம் போலக் குப்புற விழுந்தான்.

அப்புறம் அசையவே இல்லை!

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தவளைகள் கத்தின. எங்கோ ஒரு யானை பிளிறியது.

ரஞ்சிதம் கூஜாவோடு குனிந்தாள். விழுந்தவனின் சட்டையைப் பார்த்தாள்.

பச்சைக் கட்டம். இடது தோளில் ஒரு சின்னக் கிழிசல். அதன்மேல் அவளே போட்ட சிவப்பு நூல் தையல்!

"ஐயோ... பாவா சட்டை!"

காலையிலிருந்து காணாமல் போன அவள் புருஷன் பரசுராமனின் சட்டை. ஆனால் இவன் மொட்டை! பாவாவுக்குத்தான் தலை கொள்ளாத சுருட்டை முடியாயிற்றே?

அப்படியானால்...

பாவாவைக் கொன்று, சட்டையை உருவி மாட்டிக்கொண்டு, இப்போது அவளைக் கொல்ல வந்திருக்கிறான்!

ரஞ்சிதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பொதட்டூர்பேட்டையில் இரண்டு வீட்டிலும் தறிச் சத்தம். புதுசாய்க் கல்யாணமானவர்கள் ரகசியம் பேசினால்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அந்த நேரத்தில்தான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது.

'கேரளத்து மழைக்காட்டின் நட்டநடுவே சொகுசுக் குடில்! பஞ்சு மெத்தை, வெந்நீர், சுடச்சுடக் காபி. இயற்கையும் கெடாது... உங்கள் உறக்கமும் கெடாது!'

அந்தி நேரத்தில் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் வேன் வந்து ஏற்றிக்கொண்டது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. "வழி தெரிஞ்சா கூட்டம் வந்து காட்டைக் கெடுத்துடும் மேடம்" என்றார் மேனேஜர் சிவப்பிரகாசம். விடிய விடிய வேன் ஓடியது. இறங்கினால் மூங்கில் குடில், வாழை, பாசி, சொட்டச் சொட்ட மழை!

சொர்க்கம்தான். ஒரே ஒரு விநோதம்... கரண்ட் போனால் மழையும் நின்றுவிடும்.

"காடுன்னா அப்படித்தான் மேடம்" என்றிருந்தார் சிவப்பிரகாசம். ரஞ்சிதமும் நம்பிவிட்டாள். அவள் இதற்கு முன் காட்டைப் பார்த்ததில்லை.

இன்று காலையில்தான் அந்தச் சண்டை வந்தது.

"வேண்டுதல்டி! ரஞ்சிதம் கெடைச்சா மொட்டை போடுறேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன். ஊருக்குப் போனதும் போட்டுடணும்."

"போடு பாக்கலாம்! அந்த முடியைப் பாத்துதான் நான் கல்யாணத்துக்கு ஆங்னு சொன்னேன். மூஞ்சியைப் பாத்துன்னு நெனைச்சிகினியா? மொட்டை போட்டுகினு வந்து நின்னே... உன்னைத் தலை முழுகிடுவேன் பாவா!"

பரசுராமன் விர்ரென்று வெளியே போனான்.

போனவன் மத்தியானமாகியும் வரவில்லை. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"வேலியைத் தாண்டிட்டாரா? ஒத்தை யானை சுத்துற எடம் மேடம். தாண்டினவங்க திரும்பினதில்ல."

ரஞ்சிதம் அழுதாள். திருத்தணி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல், ஏதோ ஒரு திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

'முருகா! என் பாவாவை உயிரோட கொண்டாந்து சேத்துடு. மொட்டை போடுறேன்!'

முருகன் அனுப்பியது இந்த மொட்டையை!

தடதடவென்று காலடிச் சத்தம். அலறல் கேட்டு சிவப்பிரகாசம் ஓடி வந்தார். நாற்பது வயது. தோள் தொடும் ஸ்டெப் கட்டிங். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. இடி விழுந்தாலும் ஒருமுறை தலையை வாரிக்கொண்டுதான் என்னவென்று கேட்பார்.

வாரிக்கொண்டார்.

"என்ன மேடம்?"

"நா... நான் கொலை பண்ணிட்டேன் சார்!"

சிவப்பிரகாசம் குனிந்தார். மழமழவென்ற புது மொட்டை. அதன்மேல் பூசிய ஈரச் சந்தனம். பக்கத்தில் சிதறிக் கிடந்த விபூதிப் பொட்டலம். மோந்து பார்த்தார்.

அவர் முகம் வெளிறியது!

"மேடம்... இவன் காட்டுக் கொள்ளைக்காரன்!"

"மொட்டையா கீறானே?"

"கொள்ளைக்காரங்க மொட்டைதான் அடிப்பாங்க. பேன் தொல்லை."

"தலையில சந்தனம்?"

"சந்தனம் கடத்துற கும்பல்!"

"அப்ப... எங்க பாவா?"

"உங்க பாவாவை இவன் தீர்த்துட்டான். இவனை நீங்க தீர்த்துட்டீங்க. கணக்கு நேராப் போச்சு."

ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பாவாவிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதானா? தலை முழுகிடுவேன் என்பதா?

"போலீஸைக் கூப்பிடுங்க சார். என்னைத் தூக்குல போட்டாலும் சரி... எங்க பாவா எங்கே கெடக்குறார்னு தெரியணும்."

"ஐயையோ! போலீஸ் மட்டும் வேண்டாம்!" சிவப்பிரகாசம் பதறினார். "வாழைக்குப் பக்கத்துல பொதைச்சுடலாம். நீங்க உடனே வேன்ல ஏறுங்க. ஊர்ல வாயைத் தெறக்காதீங்க. டேய் குட்டா! மண்வெட்டி எடுத்துட்டு வா!"

குட்டன் வந்தான். விடுதியின் மலையாளத்து வனக் காவலன். இத்தனை நாளில் அவன் பேசியது ஒரே ஒரு வார்த்தை... ஆமாம் என்பதற்கு 'ஆணு.'

வந்தவன் கீழே கிடந்த தலையைப் பார்த்தான். சந்தனத்தைப் பார்த்தான். விபூதியைப் பார்த்தான்.

மண்வெட்டி நழுவியது. இரண்டு கையும் தலைக்குமேல் போனது.

"அரோகரா!"

"குட்டா!" பல்லைக் கடித்தார் சிவப்பிரகாசம்.

"என்னா சார் நீ! மலைமேல மொட்டை போட்டுகினு வந்த மனுசனைப் பொதைக்கச் சொல்றே? சந்தனம்கூடக் காயல! முருகன் சும்மா உடுவாரா?"

ரஞ்சிதத்தின் அழுகை சட்டென்று நின்றது.

"யோவ்... நீ மலையாளத்தான்னாங்களே?"

"ஆணு" என்றான் குட்டன் அவசரமாக.

"இப்ப 'போட்டுகினு'ன்னு சொன்னியே! எந்த ஊருய்யா நீ?"

குட்டன் மேனேஜரைப் பார்த்தான். விபூதியைப் பார்த்தான். விபூதிதான் ஜெயித்தது.

"பள்ளிப்பட்டும்மா. பேரு எல்லப்பன்."

அந்த நேரம் பார்த்து...

கரண்ட் போனது!

மழை நின்றது. தவளைகள் வாயை மூடின. பாதிப் பிளிறலில் இருந்த யானை, "பீ...ஈ...ங்ங்..." என்று நாடா இழுத்த டேப் ரிக்கார்டர் போல முனகி அடங்கியது.

காடே நிசப்தமானது. அந்த நிசப்தத்தில், வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"கே.ஜி.கண்டிகை எறங்கு... எறங்கு! பெரிம்மா, கூடையைப் புடி! பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு... ரை...ட்!"

ரஞ்சிதம் மெதுவாகத் திரும்பினாள்.

"ஏன் சார்... கேரளத்துக் காட்டுல எங்க ஊரு பஸ் எப்படி சார் வருது?"

சிவப்பிரகாசம் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

பதில் தரையிலிருந்து வந்தது!

"இதுக்கு முன்னாடி போன பஸ்லதாண்டி நான் வந்தேன்..."

"வீ...ல்!"

பிணம் புரண்டது. எழுந்து உட்கார்ந்தது. உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது.

பரசுராமன்!

"பாவா! நீயா? உயிரோடவா கீறே?"

"கூஜாவை அந்தப் பக்கம் வெச்சா இருப்பேன்."

"எங்கே போய்த் தொலைஞ்சே? இந்தத் தலை...?"

"கோவத்துல வேலியைத் தாண்டினேன்டி. யானை வருதா, புலி வருதான்னு நடுங்கிகினே நடந்தேன். பத்து எட்டு வெச்சா... ஒரு டீக்கடை. மாஸ்டர் கேக்கறாரு, 'இன்னா பரசு, எப்ப வந்தே?'ன்னு! நம்ம கண்டிகைடி! ராத்திரி பூரா வேன் திருத்தணியையே சுத்திகினு இருந்திருக்கு! மரத்து மேல கொழாய். கெணத்துத் தண்ணிதான் மழை!"

"அதுக்கு எதுக்கு மொட்டை?"

பரசுராமன் குரலைத் தாழ்த்தினான்.

"கேரளாவுக்கு ஓடினாலும் வேண்டுதலை மறந்தவனை முருகன் இழுத்துகினு வந்து மலை அடிவாரத்துல நிறுத்திட்டாரேன்னு ஒடம்பே ஆடிப்போச்சு ரஞ்சி. நேரா மலையேறிட்டேன். திரும்பி வந்தா வாசல்ல குட்டன்... அதான் ஜன்னல் வழியா..."

சிவப்பிரகாசம் சத்தமில்லாமல் பின்வாங்கினார். வாசலில் எல்லப்பன் மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"எங்கே சார் ஓடுறே? வெளியே ஒத்தை யானை சுத்துது!"

பரசுராமன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ரஞ்சி... தலை முழுகிடுவியா?"

அவள் அந்த மொட்டையைப் பார்த்தாள். புடைப்பின் மேல் முந்தானையை வைத்து ஊதினாள். கண்ணிலிருந்து இரண்டு சொட்டு அதன் மேலேயே விழுந்தது.

"மூஞ்சியும் சுமாராத்தான் கீது பாவா."

சொன்னவள் திடீரென்று திடுக்கிட்டாள்!

"ஐயையோ... என் வேண்டுதல்!"

"என்னாடி?"

"நீ உயிரோட வந்தா மொட்டை போடுறேன்னு நானும் வேண்டிகினேன் பாவா! உன் முடியை நெனைச்சுதான் வேண்டினேன். அதை நீயே குடுத்துட்டு வந்து நிக்கிறே! இப்ப முருகனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

மூன்று பேரும் யோசித்தார்கள்.

மூன்று பேரின் பார்வையும் மெல்ல நகர்ந்து ஒரே இடத்தில் போய் நின்றது.

பளபளவென்று வாரிவிட்ட ஸ்டெப் கட்டிங்!

மறுநாள் காலை. தணிகை மலை. முடி இறக்குமிடத்தில், ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார் சிவப்பிரகாசம். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நாவிதர் கத்தியைத் தீட்டினார்.

"மேடம், இது அநியாயம்! உங்க வேண்டுதல்... உங்க புருஷன்... இதுல என் தலை எதுக்கு மேடம்?"

ரஞ்சிதம் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மொட்டை போடுறேன்னுதான் சார் வேண்டினேன்... யார் தலைன்னு முருகன்கிட்ட சொல்லலையே! குனிங்க!"