கோடு விழாத புகார்

பாட்டி இறந்து இருபத்தொரு நாள் ஆகிவிட்டது. அவளுடைய போன் மட்டும் இன்னும் ஓயவில்லை.

"மெம்பரம்மாவா? எங்க தெருவுல மூணு நாளா தண்ணி வரலைங்க."

"பாட்டி இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

அந்தக் கேள்வி வந்ததும் வாலு போனை வைத்துவிடுவாள்.

பாட்டி பத்து வருடம் நகராட்சி உறுப்பினராக இருந்தவள். குழாய், விளக்கு, சாக்கடை என்று அவள் தெருத்தெருவாக அலைவாள். பின்னாலேயே போன பேத்திக்கு வாலு என்று பெயர் விழுந்துவிட்டது. தலையே போன பிறகு வாலுக்கு என்ன வேலை?

பாட்டியிடம் ஒரு நீல நோட்டு இருந்தது. யார் புகார் சொன்னாலும் அதில் எழுதிக்கொள்வாள். வேலை முடிந்ததும் சிவப்புப் பென்சிலைப் புகார் சொன்னவரிடமே நீட்டுவாள். "நீங்களே அடிங்க. உங்களுக்குத் திருப்தின்னாதான் கோடு."

அதற்கு முன்னால் அவளே சோதித்துவிடுவாள். சாக்கடைக்குப் புது மூடி போட்டால், அதன் மேல் ஏறி மூன்று முறை குதிப்பாள்.

"இந்த வயசுல நடுத்தெருவுல குதிக்கிறீங்களே, மானம் போகுது!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"நான் குதிச்சா மானம்தான் போகும். இது உடைஞ்சா ஒருத்தர் காலே போயிடும்!"

நோட்டில் எல்லாப் புகார்களுக்கும் கோடு விழுந்திருந்தது, ஒன்றைத் தவிர. 'தையல்காரர். கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது. மனு கொடுத்தாயிற்று.'

வாலு அந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். வேலை பாக்கியிருந்தால் பாட்டி சாப்பிடக்கூட உட்கார மாட்டாள். இந்த ஒரு கோடு விழாதவரை பாட்டி முழுசாகப் போய்விடவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அன்று பள்ளி விட்டு வரும்போது தையல் கடை பூட்டிக் கிடந்தது.

"உடைஞ்ச மூடியில கால வச்சுட்டாரும்மா. கணுக்கால் பிசகிடுச்சு," என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

தான் ஒளித்து வைத்த நோட்டு வாலுவின் கண்முன் வந்தது. நேரே நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள். பாட்டியின் நாற்காலியில் பழைய காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"மெம்பரம்மா குடுத்த மனுவா?" குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். "அவங்களே இல்லையே பாப்பா. அந்த ஃபைலை மூடியாச்சு. புது மெம்பர் வரட்டும்."

"எப்ப வருவாங்க?"

"அது யாருக்குத் தெரியும்?"

வாலு வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். உலகத்தில் பாட்டியும் இல்லை, அவள் கொடுத்த மனுவும் இல்லை. அழுது ஓய்ந்தபோது, பாட்டி பென்சிலை நீட்டியது நினைவுக்கு வந்தது. நீங்களே அடிங்க. அப்படியானால் புகார் பாட்டியுடையது இல்லையே!

கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் சொல்லச் சொல்ல மனு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினாள். மறுநாள் குமாஸ்தாவின் மேஜையில் காகிதத்தை வைத்தாள்.

"பாட்டி இல்லைங்க. ஆனா தையல்காரர் இருக்காரு. இது அவரோட மனு. ரசீது குடுங்க."

குமாஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பாட்டியும் ரசீது வாங்காம நகர மாட்டாங்க," என்று முனகிக்கொண்டே முத்திரை குத்தினார்.

எட்டாம் நாள் புது மூடி வந்தது. தையல்காரர் காலில் கட்டோடு கடையில் உட்கார்ந்திருந்தார். வாலு நோட்டை விரித்து வைத்தாள். பென்சில் மட்டும் கையை விட்டு வரவில்லை.

"என்னம்மா?"

"இதுதான் கடைசிப் புகார் தாத்தா. கோடு போட்டுட்டா பாட்டிக்கு வேற வேலையே இல்ல."

தையல்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "அப்ப போடாமலே விட்டுடவா?" என்று மெல்லக் கேட்டார்.

வாலு நோட்டில் பாட்டியின் எழுத்தை விரலால் தடவினாள். பிறகு தலையை ஆட்டினாள். "வேணாம். பாக்கி வச்சா பாட்டிக்குப் பிடிக்காது. ஆனா முதல்ல சோதிக்கணும்."

அவள் மூடியின் மேல் ஏறினாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கண்ணீர் வழிய வழிய, ஒன்று, இரண்டு, மூன்று என்று குதித்தாள்.

"ஆடுதா?" என்று கேட்டார் தையல்காரர்.

"ஆடல தாத்தா," என்று சொல்லிவிட்டுப் பென்சிலை அவரிடம் நீட்டினாள்.